பதினாறு முடிஞ்ச பொறவு

துட்டி வீட்டுல, அதான் எழவு வீட்டுல, பேசுறதுக்கு நம்மகிட்ட ரெண்டே ரெண்டு வசனம்தான் இருக்கு. "அழாத, மனசத் தேத்திக்கோ, இருக்கவங்கள பாக்கணும்லா"ங்கிறது ஒண்ணு. "அடக்கி வைக்காத, நல்லா வாய்விட்டு அழுதுரு"ங்கிறது இன்னொண்ணு. ரெண்டும் நேரெதிர். ஆனா ஒரே அத்தை ஒரே பாயில உக்காந்து காலைல ஒண்ணும் மத்தியானம் ஒண்ணுமா சொல்லுவாவ, ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டோம். அழுதா கொறையுமா, அழாம இருந்தா கொறையுமா, எதுதான் சரின்னு, மகன ஆக்சிடெண்ட்ல பறிகுடுத்த எங்க சித்திக்காக அலைஞ்ச காலத்துல கெடச்சதையெல்லாம் வாசிச்சேன், அத எழுதி வைக்கலாம்னுதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க.

ஜார்ஜ் பொனானோன்னு அமெரிக்காவுல ஒரு சைக்காலஜிஸ்ட், துக்கத்தப் பத்தி ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணுதவரு. 2001 செப்டம்பர்ல நியூயார்க் ரெட்டைக் கோபுரம் விழுந்த பொறவு அந்த ஊரு காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணிருக்காரு. படங்களக் காட்டி, மனசுல என்ன தோணுதோ அத மொகத்துல நல்லா காட்டுன்னு ஒரு தடவ, கொஞ்சங்கூட காட்டாதன்னு ஒரு தடவ. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா, நல்லா காட்டத் தெரிஞ்சவன் மட்டும் நல்லா இருக்கான்னும் இல்ல, நல்லா மறைக்கத் தெரிஞ்சவன் மட்டும் நல்லா இருக்கான்னும் இல்ல. ரெண்டும் பண்ணத் தெரிஞ்ச பசங்கதான் மன உளைச்சல் கொறஞ்சு இருந்திருக்காங்க. 2004ல வந்த பேப்பர் இது. அப்போ நம்ம அத்தை சொன்ன ரெண்டுமே சரிதான், எப்போ எதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

இப்படி உணர்ச்சிய எடத்துக்குத் தக்க கையாளுறதத்தான் எமோஷன் ரெகுலேஷன்னு சொல்லுதாங்க. ஜேம்ஸ் கிராஸ்னு இன்னொருத்தர் 1998ல இத ஒரு வரிசையா போட்டுக் குடுத்தாரு. ஒரு எடத்துக்குப் போறதா வேண்டாமா, போனா அங்க என்னத்த மாத்தலாம், எதக் கவனிக்கிறது, அத எப்படி எடுத்துக்கிடுறது, கடைசியா வெளிய எவ்வளவு காட்டுறது, இப்படி அஞ்சு எடத்துல நாம உணர்ச்சி மேல கை வைக்கலாம்னு. வெளிய காட்டாம அமுக்கிட்டா உள்ள இருக்கிற வருத்தம் அதுனால கொறையுறதில்ல, உடம்புதான் கூடக் கெடந்து பாடுபடுதுன்னும் அவரு கூட்டாளிகளோட சேந்து காட்டிருக்காரு.

யோசிச்சுப் பாத்தா நம்ம ஊரு துட்டி வீட்டுல இந்த மாத்தி மாத்திங்கிறது தன்னால நடக்கு. வெளியூர்ல இருந்து வேன்ல ஒரு கூட்டம் வந்து எறங்கும், தெரு முனையிலேயே "என்னப் பெத்த ராசா"ன்னு ஆரம்பிச்சு உள்ள வந்து பொம்பளைங்க தோள்ல கைபோட்டு வட்டமா உக்காந்து ஒரு மூச்சு அழுது தீப்பாவ. கொஞ்ச நேரத்துல யாராவது ஒரு ஆச்சி "சரி சரி விடுங்கட்டி, கடுங்காப்பி குடிங்க"ன்னு பிரிச்சு விடுவா. பொறவு பாத்தா எவளுக்கு வரன் பாக்காவ, எந்தப் பயலுக்கு சிங்கப்பூர் விசா வந்துருக்குன்னு பேச்சு ஓடும், செத்தவரு சின்ன வயசுல கெணத்துல பம்புசெட்ட கழட்டி வித்த கதை வரும், சிரிப்பு வரும். அடுத்த வேன் வரும். மறுபடி அழுகை. சிரிச்சா மட்டும் எவனாவது ஒரு பெரிய மனுஷன் "துட்டி வீட்டுல என்னல சிரிப்பு"ம்பாரு. அவருக்குச் சொல்றேன், 1997லயே டாக்கர் கெல்ட்னரும் பொனானோவும் புருஷனையோ பொண்டாட்டியையோ இழந்தவங்க பேசுறத வீடியோ எடுத்துப் பாத்துருக்காங்க. செத்தவங்களப் பத்திப் பேசும்போது கண்ணு சுருங்க மெய்யாவே சிரிச்சவங்களுக்கு மன வேதனை கொறைச்சலா இருந்துருக்கு. அதனால சிரிக்கிறவன விட்டுருங்க அண்ணாச்சி.

நெதர்லாந்துல மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட்னு ரெண்டு பேரு 1999ல சொன்னதும் கிட்டத்தட்ட இதான். எழவுக்குப் பொறவு மனுஷனுக்கு ரெண்டு வேலை. போனவரை நெனச்சு அழுறது ஒண்ணு, ரேஷன் கார்டுல பேரு மாத்துறது, கரண்ட் பில் கட்டுறது, இனிமே தனியா எப்படின்னு பழகுறது இன்னொண்ணு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா போயிட்டுப் போயிட்டு வர்றதுதான் சொகமான துக்கம்னு அவங்க கணக்கு. மறுப்பு, கோவம், பேரம், சோர்வு, ஏத்துக்கிடுறதுன்னு அஞ்சு படி சொல்லுவாங்கல்ல, அது 1969ல எலிசபெத் கூப்ளர்ராஸ் எழுதினது. சாகப் போற நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது அது, பறிகுடுத்தவங்களுக்குன்னு போட்ட படி இல்ல. வாட்ஸப்ல அத ஃபார்வர்டு பண்ணி "நீ இப்போ மூணாவது படியில இருக்க"ன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க.

அதுக்காக நம்ம வழக்கமெல்லாம் தங்கம்னு நான் சொல்லல. தாலி அறுக்கிற அன்னைக்கு அந்தப் பொம்பளைய ஒக்கார வச்சு பண்ணுற கூத்த பாத்தவங்களுக்கு அது தெரியும். இன்னொரு கெட்ட பழக்கம், அழுது மயங்குறவங்கள பாத்த ஒடனே "டாக்டரக் கூட்டியாங்க, ஒரு தூக்க ஊசியப் போடச் சொல்லுங்க"ன்னு நாலு பேரு கெளம்புறது. மனநோய்னு எதுவும் இல்லாம துக்கத்துல மட்டும் இருக்கிறவங்களுக்கு, அந்தத் துக்கத்துக்குன்னு தூக்க மருந்து வகையறாவக் குடுக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2013லயே எழுதி வச்சிருச்சு. எங்க சித்திக்கும் ஊசி போட்டாங்க. மகன நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டினது, தூக்கினது எதுவும் அவளுக்குத் தெரியாது.

சித்தி திருநெல்வேலி மாவட்டத்துல முக்கூடல் பக்கம். பீடி சுத்துறவ. மகன் பாலிடெக்னிக் முடிச்சு வேலைக்குப் போய்ட்டு இருந்தான், எனக்குத் தம்பி மொறை. தென்காசி ரோட்டுல ஆலங்குளத்துக்கு இந்தப் பக்கம் பைக்குல வரும்போது லாரி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டம் முடிச்சு துணி சுத்தித்தான் குடுத்தாங்க, கொண்டு வந்து கொஞ்ச நேரத்துல எடுத்தாச்சு. பொம்பளைங்க தெரு முக்கோட நின்னுக்கிடணும், அதுவும் உங்களுக்குத் தெரியும். பதினாறு கழிஞ்சுது, பந்தல் பிரிச்சாச்சு, சொக்காரங்க போயிட்டாங்க. சித்தப்பா மறுநாளே வேலைக்குப் போயிட்டாவ.

நம்ம வழக்கம் பதினாறோட கடையைக் கட்டிருது. அதுக்குப் பொறவு வருஷத் திதி, ஆடி அமாவாசைக்கு பாபநாசம், அவ்வளவுதான். பெரும்பாலான ஆளுகளுக்கு அது போதும், மெய்யாவே போதும். 2017ல பல ஆராய்ச்சிகளச் சேத்துக் கணக்கு போட்டதுல, இயற்கையா செத்தவங்களோட குடும்பத்துல பத்துல ஒருத்தருக்குத்தான் துக்கம் அப்படியே கட்டிக்கிடுதுன்னு தெரிஞ்சுது. ஆக்சிடெண்ட், தற்கொலை, கொலைன்னு வந்தா இது நல்லாவே கூடும். எல்லாருக்கும் கவுன்சிலிங் குடுத்துத்தான் ஆவணும்னு கெடயாது, குடுத்தும் பெருசா பலன் இல்லன்னுதான் ஆராய்ச்சியில வந்துருக்கு. சிக்கிக்கிட்டவங்களுக்குக் குடுத்தாத்தான் பலன். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11, 2022ல நடைமுறைக்கு வந்தது, அதுல நீடித்த துக்கம்னு இத தனியா சேத்துருக்காங்க. குறைஞ்சது 6 மாசம், விடாத ஏக்கம், அந்தச் சமூகத்து வழக்கத்துக்கு மீறின அளவு, அன்னாட வாழ்க்கையே ஓடாம நிக்குறது. அமெரிக்க மனநல டாக்டர்களோட பட்டியல்ல பெரியவங்களுக்கு 12 மாசம்.

சித்திக்கு வருஷம் தாண்டியும் அப்படியேதான் இருந்துச்சு. அழுதுகிட்டே இருந்தான்னு நெனச்சிராதீங்க, அதான் இதுல ஏமாத்துற எடம். அவ அழுகவே இல்ல. சொளவ மடியில வச்சு, இலைய கத்தரிக்க, தூளப் போட, சுத்த, நூலக் கட்டன்னு கை பாட்டுக்கு ஓடும், சாயங்காலம் தெருவுல பல்சர் சத்தம் கேட்டா மட்டும் கை நின்னுரும். ஆலங்குளத்துல எங்க அம்மா வீடு, அவளுக்கு கூடப்பொறந்த அக்கா வீடு, அங்க வர்றதே இல்ல, ஏன்னா அந்த ரோட்டுப் பக்கமே வரக்கூடாது. கோயில் கொடைக்குப் போறதில்ல, அவன் சோட்டுப் பசங்க வருவாங்க. போட்டோவ பீரோவுக்குள்ள வச்சாச்சு. ஆக்சிடெண்ட் கிளெய்ம் கேஸுக்கு வக்கீல் கையெழுத்து கேட்டா "புள்ளைய வித்த துட்டு எனக்கு எதுக்கு"ன்னு பேப்பர தொடவே மாட்டேன்னுட்டா. கிராஸ் சொன்ன அந்த அஞ்சு எடத்துல மொத எடத்துலயே, போகாம இருக்கிறதுலயே, முழு உசுரையும் போட்டு நின்னுட்டு இருந்தா.

ராத்திரியானா "ஏன்". ஏன் அன்னைக்குப் போனான், ஏன் நான் தடுக்கல, நான் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருந்தா. கேக்குறவங்களுக்கு இது துக்கத்தோட மல்லுக்கட்டுற மாதிரிதான் தெரியும். ஆனா துக்க ஆராய்ச்சியில இதுக்கு ஒரு வெளக்கம் இருக்கு, இந்த ஏன் ஏன்ங்கிற சுத்தலே ஒரு தப்பிக்கிற வழியாம். ஏன்னு கேட்டுட்டே இருக்கிற வரைக்கும் அவன் இல்லங்கிறத நேருக்கு நேரா பாக்க வேண்டாம். எனக்கு இத வாசிச்சப்போ கொஞ்சம் கோவமாத்தான் வந்துச்சு, பெத்தவளப் போயி தப்பிக்கான்னு சொல்லுதானேன்னு. பொறவு பாத்தா சரியாத்தான் இருந்துச்சு.

பாளையங்கோட்டையில ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கூட்டிட்டுப் போக வச்சது பெரிய கதை, "எனக்கென்ன பைத்தியமால"ன்னு ஆரம்பிச்சு எல்லாம் நடந்துச்சு, அத விடுங்க. அவங்க பண்ணினது கேத்ரின் ஷியர்னு ஒரு அமெரிக்க டாக்டர் உருவாக்கின முறையில இருந்து எடுத்தது. அது மொத்தம் 16 செஷன், நம்ம பதினாறு மாதிரியே, சித்திக்கே அதுல ஒரு சிரிப்பு. ஷியர் 2005ல இத சாதாரணமா மனச்சோர்வுக்குக் குடுக்கிற ஒரு பேச்சு சிகிச்சையோட வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, அதுல 28 சதவீதம் பேருக்குத்தான் நல்ல முன்னேற்றம், துக்கத்துக்குன்னே செஞ்ச இந்த முறையில 51 சதவீதம். அதாவது இதுலயும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்தளவு கேக்கல, அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

மொதல்ல ஒரு நோட்டு. தெனமும் துக்கம் எப்போ ரொம்ப இருந்துச்சு, எப்போ கொஞ்சம் லேசா இருந்துச்சு, அப்போ என்ன நடந்துச்சுன்னு மார்க் போடணும். சித்திக்கு இதுலயே ஒரு ஆச்சரியம், "எந்நேரமும் ஒண்ணுபோலதான்னு நெனச்சேன், ஆட்டுக்குட்டிக்குக் கொழை ஒடிக்கப் போறப்போ கொறையுதுல"ன்னா. பொறவு வீட்டு ஆளு ஒருத்தரக் கூட்டிட்டு வரச் சொன்னாவ. அதுக்குப் பொறவுதான் கஷ்டமான பகுதி. கண்ண மூடிக்கிட்டு, சேதி வந்த நேரத்த, இப்போ நடக்குற மாதிரி சொல்லணும். வந்தேன் போனேன்னு இல்ல, வாரேன் போறேன்னு. அத போன்ல ரெக்கார்டு பண்ணுவாங்க. எடையில எடையில எவ்வளவு வலிக்குன்னு நூத்துக்கு ஒரு நம்பர் கேப்பாங்க. முடிஞ்ச ஒடனே அத அங்கேயே மூடி வச்சுட்டு வெளிய வந்து, அன்னைக்கு ஏதாவது ஒண்ணு மனசுக்குப் புடிச்சதா பண்ணியே ஆவணும். ரெக்கார்ட வீட்டுல தெனமும் கேக்கணும்.

கேக்குறதுக்குக் கொடுமையா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, வெளிய பெஞ்சுல உக்காந்துருந்த எனக்கே சத்தம் கேட்டு வயித்தக் கலக்குச்சு. ஆனா சித்தி இத வெளக்கினது மாதிரி எந்தக் கட்டுரையும் எனக்கு வெளக்கல. "பீடி எலைய நனைக்காம கத்திரி வச்சா ஒடஞ்சிரும், தண்ணியிலேயே போட்டு வச்சா அழுகிரும், நனைச்சு ஈரத்துணியில சுத்தி எடுத்து வைக்கணும்லா, அப்படித்தான் அந்த மேடம் பண்ணுதாவ."

ஒரு நாள் அந்த ரெக்கார்டுல இருந்த விஷயத்த எங்ககிட்ட அவளே சொன்னா. சேதி வந்தப்போ அவ பீடிக்கடையில இருந்துருக்கா. கடைக்காரரு ஒரு கட்டப் பிரிச்சு கழிச்சுப் போட்டுட்டு இருந்தாரு, இவ அந்தக் கழிச்ச பீடிக்காக சண்டை. மடியில போன் அடிக்கு. அடிச்சு நிக்கு, மறுபடி அடிக்கு. தெரியாத நம்பரு, துட்டுப் போற கோவத்துல எடுக்கல. "பத்து ரூவா பீடிக்கு நின்னு ஏசிட்டு இருந்தேன், எம்புள்ள அங்கன கெடந்துருக்கான்." இத்தன நாளும் இத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஊரே "நீ என்ன பண்ணுவ"ன்னு ஆறுதல் சொல்லுச்சு, ஆனா அவ என்ன பண்ணினான்னு நெனச்சுட்டு இருந்தாங்கிறது எங்க யாருக்கும் தெரியாது. நம்ம ஆறுதல் எல்லாம் குத்துமதிப்பா சொல்றதுதான்.

அந்த மேடம் "உங்க மேல தப்பே இல்லம்மா"ன்னு சொல்லல. போன் அடிச்ச நேரம் என்ன, அவனுக்கு அடிபட்ட நேரம் என்னன்னு கேட்டாவ. தெரியாது. எதுல இருக்கும்? தொடவே மாட்டேன்னு சொன்ன அதே கேஸ் பேப்பர்ல. சித்தப்பா எடுத்துட்டு வந்தாவ, சித்தி கையில வாங்கி எழுத்துக் கூட்டி வாசிச்சா. போன் அடிச்சப்போ அவன் போயாச்சு, எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அதனால பாரம் எல்லாம் எறங்கிருச்சான்னா, இல்ல, இப்பவும் பீடிக்கடைக்குப் போனா ஒரு மாதிரி இருக்குன்னுதான் சொல்லுவா. ஆனா ராத்திரி "ஏன்" கொறஞ்சுது. பொறவு ரோடு. மொதல்ல முக்கூடல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், பொறவு ஆலங்குளம் பஸ்ல ஏறி எடையில எறங்கி, கடைசியா எங்க அம்மா வீட்டு வரைக்கும், வந்து வாசல்ல நின்னு "ஏக்கா, காப்பி போடு"ன்னா.

சித்தப்பா கதை வேற. மனுஷன் பதினேழாம் நாளே வேலைக்குப் போனதுல சித்திக்கு மகா கோவம், "அந்த ஆளுக்குப் புள்ள செத்த வெசனமே கெடயாது"ன்னு. ஆனா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா மாட்டிக்கிட்டவங்கதான், இவ வீட்டுக்குள்ள, அவரு வேலைக்குள்ள. ஷூட்டும் ஸ்ட்ரோபேயும் 1997ல மனைவிய இழந்த ஆம்பளைங்களுக்கும் கணவன இழந்த பொம்பளைங்களுக்கும் ரெண்டு வித கவுன்சிலிங் குடுத்துப் பாத்துருக்காங்க, ஒண்ணு உணர்ச்சியப் பேசுறது, இன்னொண்ணு அன்னாடப் பிரச்சனைய சமாளிக்கிறது. ஆம்பளைங்களுக்கு உணர்ச்சியப் பேசினது அதிகமா கை குடுத்துருக்கு, பொம்பளைங்களுக்கு பிரச்சனைய சமாளிக்கக் கத்துக்கிட்டது. அதாவது யாருக்கு எது பழக்கம் இல்லையோ அது. நம்ம துட்டி வீட்டுல ஆம்பளைக்கு என்ன எடம் இருக்கு சொல்லுங்க? வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, வர்றவன் கையத் தொட்டுட்டுப் போறான், பந்தக்காரனுக்கும் மேளத்துக்கும் துட்டு எண்ணிக் குடுக்கணும். வீட்டு ஆளா அந்த செஷனுக்கு வந்த சித்தப்பா மொதல்ல மழை இல்லாததப் பத்தியே பேசிட்டு இருந்தாவளாம். பொறவு, மகன் மொதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்த செருப்ப இன்னும் போடலன்னு சொல்லிருக்காவ. சித்திக்கே அது அன்னைக்குத்தான் தெரியும்.

மாத்திரை பத்தி எல்லாரும் கேக்காங்க. ஷியரே 2016ல 395 பேர வச்சு ஒரு மனச்சோர்வு மாத்திரையச் சேத்துக் குடுத்துப் பாத்தாங்க. துக்கத்துல அது கூடுதலா ஒண்ணும் பண்ணல, சிகிச்சைதான் பண்ணுச்சு. ஆனா சிகிச்சையோட மாத்திரையும் எடுத்தவங்களுக்கு மனச்சோர்வு அதிகமா கொறஞ்சுது. அதனால டாக்டர் எழுதிக் குடுத்தா சாப்பிடுங்க, அது சோர்வுக்கு.

"மறந்துரு"ன்னு இதுல எந்த எடத்துலயும் இல்லங்கிறதையும் சொல்லிரணும். 1917ல ஃப்ராய்டு எழுதின காலத்துல இருந்து, போனவங்க மேல இருக்கிற பாசத்தப் பைய பைய கழட்டி எடுத்துக்கிடுறதுதான் துக்கத்தோட வேலைன்னு ஒரு நெனப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1996ல டென்னிஸ் கிளாஸும் கூட்டாளிகளும் அதெல்லாம் இல்ல, உறவு வேற மாதிரி தொடரத்தான் செய்யும், அதுல தப்பில்லன்னு புஸ்தகமே போட்டாங்க. நம்ம பக்கம் கல்யாணம் ஆகாம செத்த பிள்ளைய கன்னின்னு சொல்லி ஓலைப்பெட்டிக்குள்ள புதுச்சேலை வச்சு வருஷா வருஷம் கும்பிடுற வீடுக எத்தனை இருக்கு, அவங்களுக்கு இதுல என்ன புதுசு. ஷியர் முறையிலயும் கடைசிப் பக்கம், செத்தவங்ககிட்ட கேக்கிற மாதிரி பேசி, அவங்க என்ன பதில் சொல்லுவாங்களோ அதையும் நம்மளே சொல்ற ஒரு பயிற்சி உண்டு. சித்தி அதுல என்ன பேசினான்னு நான் கேக்கல. போட்டோ மட்டும் பீரோவுல இருந்து வெளிய வந்து டிவிக்கு மேல மாட்டியாச்சு. கிளெய்ம் பேப்பர்ல கையெழுத்து இன்னும் போடல, அது அவ இஷ்டம், வக்கீலுக்குத்தான் கடுப்பு.

உங்க வீட்டுல இப்படி யாராவது இருந்தா, ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, ஓபியில சீட்டு வாங்கிப் பாக்கலாம். 14416ங்கிறது டெலிமானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, ராத்திரி பகல் எந்நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். "நானும் அவன்கிட்டயே போயிருதேன்"ங்கிற பேச்சு வந்துச்சுன்னா 6 மாசமெல்லாம் எண்ணிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே போங்க. டாக்டர்கிட்ட போறவங்க "ஒறக்கம் வரல, பசிக்கல, மேலுக்கு முடியல"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருதாவ, அப்படிச் சொன்னா ஒறக்கத்துக்கும் சத்துக்கும் மாத்திரைதான் கெடைக்கும். இன்னார் செத்து இத்தனை மாசம் ஆச்சு, எப்படி செத்தாரு, அதுக்குப் பொறவு எங்கெங்க போறதில்ல, எத எதத் தொடுறதில்லன்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போங்க. எழுதத் தெரியாதவங்கன்னா கூடப் போறவங்க கேட்டு எழுதுங்க, அதுக்கே ஒரு மத்தியானம் ஆவும்.